நிவாரணம் நிலத்துக்கா, உழைப்புக்கா?



2025 செப்டம்பரில் மராத்வாடாவில் கொட்டிய பேய்மழையை மறந்திருக்க மாட்டீர்கள். பீட், தாராசிவ், லாத்தூர் மாவட்டங்களில் சோயா விளைந்த வயல்கள் ஏரிகளாயின. சோலாப்பூர்ப் பக்கம் சீனா ஆறு ஊர்களுக்குள் புகுந்தது. பல இடங்களில் பயிரோடு மண்ணும் போயிற்று. அக்டோபர் 7 அன்று மாநில அரசு 31,628 கோடி ரூபாய் நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. மானாவாரி நிலத்துக்கு எக்டேருக்கு 18,500 ரூபாய். ஏக்கர் கணக்கில் சுமார் 7,500. விதை, உரம், உழவுகூலி போட்டு எல்லாம் இழந்தவருக்கு இது குறைவுதான். அந்தக் குறைந்த பணமாவது யார் கைக்குப் போகிறது?

தலாத்தி வந்து பஞ்சநாமா எழுதுகிறார். சாத்பாராவில் யார் பெயர் உண்டோ, அவர் கணக்கில் பணம் ஏறுகிறது. வாய்ப்பேச்சில் குத்தகை பிடித்து, கடன் வாங்கி விதைத்தவருக்கு வெறுங்கை. களையெடுப்பையும் அறுவடையையும் நம்பியிருந்த கூலிப் பெண்ணின் கதி என்ன? பயிர்ப் பஞ்சநாமா நிலத்தை அளக்கும். அவள் இழந்த கூலி நாட்களை அளக்காது.

இதன் முடிவை ரயில்வேயில் வேலை பார்க்கும் நாங்கள் கண்ணால் காண்கிறோம். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் மூட்டை முடிச்சும் கைக்குழந்தையுமாகக் குடும்பங்கள் பூனா ஸ்டேஷனில் இறங்குகின்றன. அவர்கள் பேசுவது மராத்தி. ஆனால் நம் தகப்பன்மார் வந்து இறங்கிய கோலமும் அதுதானே?

வேறு வழியே இல்லையா? உண்டு, இதே மண்ணில் நடந்தது. 1972 பஞ்சத்தில் மகாராஷ்டிர அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. 1973 மே மாதத்தில் சுமார் 50 லட்சம் பேர் அவற்றில் உழைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததே 1977-ன் வேலை உறுதிச் சட்டம். வேலை கேட்டவருக்கு வேலை, கொடுக்க முடியாவிட்டால் படி என்றது அது. சாத்பாராவைக் காட்டச் சொல்லவில்லை. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்த சட்டத்துக்கு இதுவே முன்னோடி. அதற்குப் பணம் திரட்டத்தான் 1975-ல் தொழில் வரி போடப்பட்டது. உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள்: மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் 300. ஆகவே இதில் கேள்வி கேட்க நமக்கும் உரிமை உண்டு.

நம் கோரிக்கை இரண்டு. பயிர் நிவாரணத்தில் உண்மையாக உழுதவருக்குப் பங்கு வேண்டும். அவர் யாரென்று கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டு எழுத வேண்டும். நிலமற்றவர் இழந்த கூலி நாட்களுக்கு ஈடு வேண்டும்; வெள்ளம் வடிந்த உடனேயே உள்ளூரில் வேலை திறக்க வேண்டும்.

கடைசியாக நம் வீட்டுக் கணக்கு. நம்மில் பலருக்கு ஊரில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ உண்டு. பட்டா நம் பெயரில். உழுவது பங்காளியோ பக்கத்துக் குடியானவரோ. புயலடித்தால் அவர் பயிர் சாய்கிறது, பணம் நம் கணக்கில் விழுகிறது. அதை அவருக்கு அனுப்பி வைத்தோமா? அனுப்பாமல், தலாத்தியையும் மந்திரியையும் கேள்வி கேட்க நமக்கு வாய் ஏது?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கலில் உழுபவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஏற்றச் சொல்ல வேண்டியவர் பட்டாதாரரான நீங்கள்தான்.