தமிழ் அடுக்குக்கு ஒரு குரல் வேண்டும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நிக்கலஸ்வில் என்றோர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 31,000. நம் நாட்டுக் கணக்கில் ஒரு சிறு பட்டணம். அங்குள்ள ஜெஸமின் வட்டாரப் பொது நூலகத்தின் நூலகர்கள் ‘புக்ஸ் அண்ட் பைட்ஸ்’ என்ற பெயரில் ஒரு வலையொலியை நடத்துகிறார்கள். பாட்காஸ்ட் என்று நாம் சொல்வது இதைத்தான். மாதந்தோறும் நூலகர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துவந்து பேசுகிறார்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது எதைச் சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். புத்தகமும் பலகாரமும், அவ்வளவுதான் நிகழ்ச்சி.

வகுப்புக்குப் போகும் ரயிலில் இதைக் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்த ஊரை நான் பார்த்ததில்லை. அவர்கள் பேசும் புத்தகங்களில் பாதியின் பெயரைக்கூட நான் முன்பு கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. பேராசிரியர் ஒருவர் நூலை ஆராய்வதுபோல் அது இருக்காது. இரவல் மேசையில் நமக்குப் புத்தகம் பதிந்து கொடுப்பவர், “இதை நான் படித்துவிட்டேன், உங்களுக்குப் பிடிக்கும்” என்று சொல்வதுபோல் இருக்கும். நம் மாணவர்களுக்கு, குறிப்பாகத் தமிழில் வாசிக்கும் மாணவர்களுக்கு, அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நூலகர் என்றால் புத்தகத்தைக் காவல் காப்பவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தாமதமாகத் திருப்பினால் அபராதம் கேட்பவர், சத்தம் போட்டால் முறைப்பவர். அவர்களது பணியின் வரலாறோ வேறு கதை சொல்கிறது.

அதே கென்டக்கியின் கிழக்கு மலைப்பகுதியில், பெரும் பொருளாதார மந்தத்தின்போது, 1935 முதல் 1943 வரை குதிரை நூலகங்கள் இயங்கின. சாலை இல்லாத ஊர்களுக்குப் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகங்களை ஏற்றிச் சென்றார்கள். மாதச் சம்பளம் 28 டாலர். சில வாரங்களில் 120 மைல் வரை பயணம். அரசாங்கம் சம்பளத்தை மட்டுமே தந்தது. புத்தகங்கள் நன்கொடையாக வந்தன. எழுத்தறியாதவர்களுக்கு அந்தப் பெண்கள் வாசித்தும் காட்டினார்கள். இன்னொன்றும் செய்தார்கள். மலைவாழ் குடும்பங்களின் சமையல் குறிப்புகளையும் ஒட்டுப்போர்வை தைக்கும் மாதிரிகளையும் வாங்கி, ஏடுகளில் ஒட்டி, அடுத்த ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். வாசகர் கொடுத்ததும் நூலகத்தின் பகுதியாயிற்று. இன்று அதே மாநிலத்தில் நூலகர்கள் புத்தகத்தோடு பலகாரத்தையும் சேர்த்துப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு அந்த ஏடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

நமக்கும் இதில் பங்கு உண்டு. கென்டக்கியில் குதிரைகள் கிளம்புவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1931-இல், தமிழ்நாட்டின் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. அந்த முயற்சிகளுக்குப் பின்னால் இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளும் 1931-இல்தான் நூலாக வந்தன. உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாம் விதி. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். மூன்றாவது விதி சற்றுக் கூடுதலாகக் கேட்கிறது. யாரும் தேடி வராத நூலுக்காகவும் நூலகர் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்கிறது. குதிரை, மாட்டு வண்டி, வலையொலி மூன்றும் அந்தத் தேடலின் வாகனங்கள்.

பரிந்துரைப்பது எளிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நூலகர்கள் அதை ஒரு கலையாகவே பயில்கிறார்கள். ‘வாசகர் ஆலோசனை’ என்பது அதன் பெயர். இத்துறையில் பலரும் பின்பற்றும் கையேட்டை 1989-இல் எழுதிய இருவரில் ஒருவரான ஜாய்ஸ் சாரிக்ஸ், சிகாகோவை அடுத்த டவுனர்ஸ் குரோவ் என்னும் ஊரின் பொது நூலகத்தில் பணியாற்றியவர். “உங்களுக்கு எந்தத் தலைப்பில் புத்தகம் வேண்டும்?” என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், வாசகர் ரசித்த ஒரு நூலைப் பற்றி அவரைப் பேசவிட வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. கதை வேகமாக ஓடியதால் பிடித்ததா, பாத்திரங்கள் மனத்தில் தங்கியதால் பிடித்ததா என்பது அந்தப் பேச்சில் தானாக வெளிப்படும்.

சியாட்டல் நகர நூலகராக இருந்த நான்சி பெர்ல் இதையே நான்கு கதவுகள் என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. 1998-இல் ஒரு நகரமே ஒரே நூலைப் படிக்கும் இயக்கத்தை அங்கே தொடங்கியவர் அவர். வானொலியிலும் புத்தகங்களைப் பரிந்துரைத்தார். மாணவர்களுக்குப் பிடிக்கக்கூடிய விதி ஒன்றும் அவரிடம் இருக்கிறது. எந்தப் புத்தகத்தையும் 50 பக்கம் வரை படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் மூடிவைத்துவிடலாம். 50 வயதைத் தாண்டியவர்கள் 100-லிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொண்டு, மீதியுள்ள பக்கங்களைப் படித்தால் போதும்.

“இதற்கெல்லாம் நூலகர் எதற்கு? செயலியே பரிந்துரைக்குமே” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இணையக் கடைகளின் பரிந்துரை எப்படி இயங்குகிறது என்பதை அமேசான் பொறியாளர்கள் 2003-லேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், இந்தப் பொருளை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்று கணினி கணக்கிடுகிறது. ஆயிரக்கணக்கானோர் வாங்கும் நூலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். முந்நூறோ ஐந்நூறோ படிகள் மட்டும் அச்சாகி, கடையைவிடப் புத்தக வெளியீட்டு விழாவிலேயே அதிகம் விற்கும் மலேசியத் தமிழ் நாவலுக்கு? அதை யார் வாங்கினார்கள் என்ற தரவே இல்லை. தரவு இல்லாததால் பரிந்துரை இல்லை. பரிந்துரை இல்லாததால் வாசகர் இல்லை. வாசகர் இல்லாததால் தரவும் சேர்வதில்லை. இந்த வட்டத்தை, அந்த நாவலைப் படித்த ஒரு மனிதர் வாயைத் திறந்துதான் உடைக்க முடியும்.

என் சொந்த ஊர் கெடாவில் உள்ள ஒரு சிறுநகரம். அங்கே நூலகம் இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, சுவரோரமாகத் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. நாங்கள் ‘காக்’ என்று அழைக்கும் மலாய் நூலகர் அன்பானவர். மலாய் நாவல் ஒன்று கேட்டால் மூன்றை எடுத்து வைப்பார். தமிழ் அடுக்கில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அது அவர் குறையன்று, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நம் நாட்டுச் சிறுநகரங்களில் இருந்து வந்த வேறு சில மாணவர்களும் என்னிடம் இதையேதான் சொல்கிறார்கள். அடுக்கு இருக்கிறது, அதற்காகப் பேச ஆள் இல்லை.

அந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. நூலகங்கள் பழுதான நூல்களையும், பல ஆண்டுகளாக யாரும் இரவல் வாங்காத நூல்களையும் அவ்வப்போது அடுக்கிலிருந்து நீக்குகின்றன. நூலகவியலில் இதற்குக் களையெடுத்தல் என்றே பெயர். இடம் குறைவு, புதிய நூல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, ஆகவே இது தவிர்க்க முடியாத வேலை. ஆனால் ஒரு நூல் களையா பயிரா என்பதை இரவல் பதிவு பார்த்து முடிவு செய்யும்போது, யாரும் அறிமுகப்படுத்தாத தமிழ் நூல் ஒவ்வொரு முறையும் தோற்கும். சயாம் மரண ரயில்பாதையைப் பற்றிய அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, புற்றுநோயோடு வாழும் ஒரு முதியவரின் மனத்தைப் பேசும் ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ போன்ற நாவல்கள் நம் ஊர் அடுக்குகளில் இருந்து ஒருமுறை போய்விட்டால், பெரும்பாலும் போனதுதான். பெரிய ஆங்கில நூல்களைப்போல் அவை ஆண்டுதோறும் மறுபதிப்பு காண்பதில்லை.

அரசாங்கங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020-இல் கோலாலம்பூர் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக இருந்தது. 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளை மலேசியா தேசிய வாசிப்புப் பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. அண்டை நாடான சிங்கப்பூரில் 2005-இல் தொடங்கிய ‘ரீட்! சிங்கப்பூர்’ இயக்கம் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் நூல்களை முன்வைத்தது. இத்தகைய இயக்கங்கள் வாசிக்கச் சொல்கின்றன. எதை வாசிப்பது, அது எனக்கு ஏன் பிடிக்கும் என்பதை ஒருவர் நம் பெயர் சொல்லி அழைத்துச் சொன்னால்தான் மனத்தில் நிற்கும். அதற்குப் பதாகை போதாது, ஒரு பரிச்சயமான குரல் வேண்டும்.

அந்தக் குரலை மாணவர்களாகிய நாம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. நூலகருக்கு நூலகம் தெரியும், நமக்குத் தமிழ் தெரியும். இரண்டும் சேர்ந்தால் போதும். உங்கள் ஊர் நூலகரிடம் பேசி அனுமதி பெறுங்கள். ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, இரண்டு மூன்று பேர், தமிழ் அடுக்கிலிருந்து ஆளுக்கொரு நூலை எடுத்துப் படித்துவிட்டு, பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியும் கதவு மூடிய ஓர் அறையும் இருந்தால் தொடங்கிவிடலாம். பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டாதீர்கள், அது எழுத்தாளரின் உரிமை. உங்களை உள்ளே இழுத்தது நான்கு கதவுகளில் எது என்று மட்டும் சொல்லுங்கள். நூல் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பெற்றோர்கள் இருக்கும் புலனக் குழுவில் அனுப்பிவைத்தால், கேட்க ஆள் வருவார்கள்.

சில எதிர்வாதங்களையும் நான் அறிவேன். நூலகர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆகவே படிப்பதையும் பேசுவதையும் பதிவு செய்வதையும் நாம் ஏற்றுக்கொண்டு, இடத்தையும் வழிகாட்டுதலையும் மட்டும் அவர்களிடம் கேட்க வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நேரம் ஏது என்பார்கள். மாதம் ஒரு நாவலைப் படித்து, அதைப் பற்றிக் கோர்வையாகப் பத்து நிமிடம் பேசுவதைவிடத் தமிழ்மொழித் தாளுக்கு நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஐம்பது பேர்தானே கேட்பார்கள் என்பார்கள். ஐம்பது பேர் என்றால் இரண்டு வகுப்பறை நிறைய மாணவர்கள். அவர்களில் ஐந்து பேர் அந்த மாதம் ஒரே நாவலை இரவல் கேட்டால், ஆண்டுக்கணக்கில் வெற்றாக இருந்த அதன் பதிவில் ஐந்து தேதிகள் ஏறும். அடுத்த களையெடுப்பில் அந்த நாவல் தப்பிப் பிழைக்க அவை போதும்.

நிக்கலஸ்வில் நூலகர்கள் உலகத்துக்கென்று பேசத் தொடங்கியிருக்க மாட்டார்கள். தங்கள் ஊருக்காகப் பேசினார்கள், அது மலேசியாவில் ரயிலில் போகும் ஒரு மாணவிக்கும் கேட்டது. தைப்பிங்கிலோ சிகாமாட்டிலோ ஒரு மாணவன் தமிழ் நாவல் ஒன்றைப் பற்றிப் பேசினால் அது யாரையெல்லாம் எட்டும் என்று இன்று சொல்ல முடியாது. இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். தமிழ் அடுக்கிலிருந்து ஒரு நூலை எடுத்து, முதல் 50 பக்கத்தைப் படியுங்கள். பிடித்திருந்தால் நூலகரிடம் போய், அது எதைப் பற்றியது என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். அடுத்து வரும் தமிழ் மாணவருக்கு எடுத்துக் கொடுக்க அவரிடம் ஒரு நூலாவது இருக்கும்.