வாயிலோனும் கம்மியனும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலே, கூட்டாட்சி நீதிமன்றத்து நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரொஜர்ஸ் அம்மையார் 2025 ஏப்பிரல் 30ஆந் திகதி வழங்கிய கட்டளையொன்று, உலகப் பத்திரிகைகளிற் பெரும்பாலும் வணிகப் பக்கங்களிலேயே இடம்பெற்றது. அப்பிள் கம்பனி தமது முன்னைய கட்டளையை வேண்டுமென்றே மீறிற்று என்றும், அது நீதிமன்ற அவமதிப்பாகும் என்றும் அம்மையார் கண்டார். வழக்காடிய இரு திறத்தாரும் பெருஞ் செல்வர். ஒருவர் உலகறிந்த கணினிக் கம்பனியார். மற்றவர் 'போர்ட்நைட்' என்னும் விளையாட்டை ஆக்கி விற்கும் எப்பிக் கேம்ஸ் கம்பனியார். செல்வர் இருவர் பொருளுக்காகப் பொருதுவதில் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடுதல் எளிது. ஆயினும், அம்மன்றிலே கட்சிக்காரராய் நில்லாத ஒரு கூட்டத்தார் அவ்வழக்கின் ஒவ்வொரு வரியையும் தம் பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்ப்பவர்போலப் பார்த்திருந்தனர். 'மக்' என்னும் கணினியிற் காதல் கொண்டு, அதற்கென மென்பொருள் ஆக்கி வாழும் தனிக் கைவினைஞரே அவர். அவர்தம் அன்றாடச் சிந்தனை யாது, அச்சம் யாது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

அவர்தம் பற்றின் வேரை முதலில் அறிதல் வேண்டும். மக்கின்டொஷ் என்னும் முழுப்பெயரோடு அக்கணினி 1984 ஜனவரி 24ஆந் திகதி வெளிவந்தது. விலை 2,495 டொலர். நினைவகம் 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒளிப்படம் ஒன்றுக்கும் அது போதாது. அக்காலத்து மக்கள் கைக்கு எட்டிய கணினிகளுட் பெரும்பாலானவை, ஆணைச் சொற்களை மனனஞ் செய்தவர்க்கே பணிந்தன. மக்கோ திரையிலே சிறு படங்களைக் காட்டி, சுட்டியாலே ஆளுமாறு அமைந்தது. அதன் பெட்டியின் உட்புறத்தில், வாங்குவோர் கண்ணிற் படாத இடத்தில், ஆக்கியோர் தம் கையொப்பங்களைப் பொறித்து வைத்தனர். ஏடு பெயர்த்தெழுதியோன் ஈற்றிலே தன் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்தல் நம் முன்னோர் வழக்கு. இயந்திரம் ஒன்றுக்கு அவ்வழக்கை உரியதாக்கியோர் எத்தகைய மனமுடையராய் இருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

அம்மரபில் வந்த மென்பொருட் கம்மியர் நாடோறும் எண்ணுவன வெளியார்க்கு அற்பமாய்த் தோன்றக் கூடும். ஒரு சாளரத்தின் மூலை எத்துணை வளைதல் தகும்? ஓர் ஆணை எப்பட்டியலின்கீழ் நிற்றல் வேண்டும்? எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே விடும் வெளி எவ்வளவு? இவற்றுக்காக இரவெல்லாம் விழித்திருப்பார்கள். ஒற்று மிகுமா, மிகாதா என்று விளக்கெண்ணெய் வற்றும்வரை வாதிட்ட தமிழாசிரியர் பரம்பரையினராகிய நாம் அவர்களை நகையாடுதல் பொருந்தாது.

அவர்கள் நெஞ்சில் ஆறாது நிற்பது ஹைப்பர்கார்ட் என்னும் மென்பொருளின் கதை. மக்கின் முதல் ஓவிய மென்பொருளை ஆக்கிய பில் அற்கின்சன் என்பாரே 1987இல் இதனையும் ஆக்கினார். மக் வாங்குவோர் அனைவர்க்கும் இதனை இலவசமாய் அளித்தல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. திரையிலே ஓர் அட்டை. அதில் எழுத்தோ படமோ இடலாம். ஓரிடத்தைத் தொட்டால் வேறோர் அட்டைக்குச் செல்லுமாறு இணைக்கலாம். இணைக்கும் ஆணைகளும் ஏறக்குறைய அன்றாட ஆங்கில நடையிலேயே அமைந்திருந்தன. கணிதமோ பொறியியலோ கல்லாத பள்ளியாசிரியர்கள் தம் மாணாக்கருக்கான பாடங்களைத் தாமே இதில் அமைத்தனர். 1993இல் வெளிவந்து புகழ்பெற்ற 'மிஸ்ட்' என்னும் விளையாட்டும் இதிலேதான் உருவாயிற்று. படிப்போனுக்கும் படைப்போனுக்கும் இடையே நின்ற மதில், ஏறிக் கடக்கும் உயரத்தினதாய் அங்கே தாழ்ந்திருந்தது. கம்பனியோ அதனைப் பேணவில்லை. 2004இல் விற்பனையும் நின்றது. அற்கின்சன் 2025 யூன் மாதத்திற் காலமானபொழுது, இரங்கியோர் பலர் தாம் முதன்முதல் ஆக்கிய ஹைப்பர்கார்ட் அட்டைகளையே நினைவுகூர்ந்தனர். ஒரு கருவி இறந்து இருபதாண்டு கழிந்தும் அதற்காகத் துக்கம் கொள்வோர் உளர் என்றால், அப்பற்றை வெறும் நாகரிக மோகம் என ஒதுக்கல் கூடாது.

பற்றுக்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. மக்கின் உள்ளே இயங்கும் சில்லு 1994இல் ஒருமுறை, 2006இல் ஒருமுறை, 2020இல் ஒருமுறையாக மும்முறை குலமே மாறிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய மென்பொருள்கள் சில ஆண்டுகள் மொழிபெயர்ப்பின் துணையோடு உயிர் வாழ்ந்தன. பின்னர்த் திருத்தி ஆக்கப்படாதவை மறைந்தன. 2019ஆம் ஆண்டுப் பதிப்பு 32 பிட் மென்பொருள்களை அடியோடு கைவிட்டது. இவ்வழிவைக் கம்மியர் பெரும்பாலும் முணுமுணுப்போடு ஏற்றனர் என்றே சொல்லல் வேண்டும். புதிய சில்லுகள் உண்மையிலேயே சிறந்தனவாய் இருந்தமை ஒரு காரணம். 2002இல் நிகழ்ந்தது வேறுவகை. கரேலியா என்னும் சிறு நிறுவனத்தார் 'வாட்சன்' என்றொரு மென்பொருள் ஆக்கி நற்பெயர் பெற்றனர். அப்பிள் கம்பனி தன் 'ஷேர்லொக்' மென்பொருளின் புதிய பதிப்பில் அதே பணிகளைச் சேர்த்துக் கணினியோடு இலவசமாய் வழங்கிற்று. அன்று தொட்டு, வீட்டுக்காரனே குடியிருப்போனின் தொழிலை எடுத்துக்கொள்ளும் செயலுக்கு 'ஷேர்லொக் செய்தல்' என்றொரு வினைச்சொல் அவர் வழக்கிற் பிறந்துவிட்டது. பெயரடியாகப் பிறந்த வினைகளுள் இத்துணைக் கசப்புடையது பிறிதொன்று எமக்குத் தோன்றவில்லை.

இனி வாயிலின் கதைக்கு வருவோம். ஐபோன் என்னும் கைப்பேசிக்கு 2008 யூலை 10ஆந் திகதி ஏறக்குறைய 500 செயலிகளோடு ஒரு கடை திறக்கப்பட்டது. ஆக்குவோன் விற்கும் ஒவ்வொரு நூறு டொலரிலும் கம்பனிக்கு முப்பது. 2021 முதல், ஆண்டு வருவாய் பத்து இலட்சம் டொலருக்கு உட்பட்ட சிறியோர்க்குப் பதினைந்து. இவ்வீதம் மிகையோ அன்றோ என்பதில் இரு திறத்தும் நியாயம் உண்டு. கடைக்காரன் இலாபம் கொள்ளுதல் உலகியல்பு. நாம் கருத வேண்டியது, அக்கைப்பேசிக்குள் நுழைதற்குப் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய வேறு வாயில் எதுவும் அன்று இல்லாதிருந்தமையே. கம்பனியின் பரிசோதகர் ஏற்றாற் பொருள் உலகைக் காணும். மறுத்தால் ஆக்கியோன் மேசையிலேயே கிடக்கும்.

பழைய சங்கப்பலகைக் கதை ஈண்டு நினைவுக்கு வருகிறது. தகுதியுடைய புலவர்க்குத் தானே இடம் விரிந்து கொடுத்த பலகை அது. ஆனால் அப்பலகை புலவர் பெற்ற பரிசிலில் முப்பது விழுக்காடு கேட்டதாக எந்தப் புராணமும் கூறவில்லை. பலகையேறாத பாட்டை ஊர் மன்றிலே பாடலாகாது என்று அது தடுத்ததும் இல்லை.

மக் கணினிக்கும் 2011 ஜனவரியில் அத்தகைய கடையொன்று வந்தது. எனினும் அதற்குப் பக்கத்திலே பழைய வாயிலும் திறந்தே இருந்தது. ஆக்கியோனிடமிருந்தே மென்பொருளை வாங்கிக் கணினியில் இட்டுக்கொள்ளலாம். இதன் பயனை ஒரு நிகழ்ச்சி காட்டும். 'பிபி எடிட்' என்னும் எழுத்துத் தொகுப்பு மென்பொருள் 1990களின் தொடக்கம் முதல் மக்கிலே வாழ்வது. கடையின் விதிகளோடு ஒத்துப்போக இயலாமல் அதை ஆக்குவோர் 2014இல் வெளியேறினர். விதிகள் சிறிது தளர்ந்தபின் 2019இல் மீண்டனர். இடைப்பட்ட காலத்தே வாசகர் அவரிடமே நேரே வாங்கினர். வெளியேற இயன்றமையாலேயே விதி தளர்ந்தது எனக் கருதுவது தவறாகாது. கைப்பேசியில் இவ்வாறு முரணிக்கொண்டு வெளியேறியவர்க்கு நிற்க நிலமில்லை.

மக்கின் வாயிலிலும் 2012இல் ஒரு காவலன் நிறுத்தப்பட்டான். அக்காவன் மென்பொருளுக்குக் கம்பனி இட்ட பெயரே 'வாயிலோன்' என்று பொருள்படுவது. ஆண்டுதோறும் 99 டொலர் செலுத்திப் பதிவு செய்தவர் ஆக்கிய பொருளை அவன் எளிதில் உள்ளே விடுவான்; பிறவற்றைத் தடுத்து எச்சரிப்பான். ஐரோப்பிய ஒன்றியத்தார் பெருங் கம்பனிகளைக் கட்டுப்படுத்த இயற்றிய புதிய சட்டமும், அத்தகைய கம்பனிகளுக்கு இதே 'வாயிலோன்' என்னும் சொல்லையே சட்டப் பெயராக்கி, 2023இல் அப்பிள் கம்பனிக்கும் அதனைச் சூட்டியது. தான் காவலனுக்கு வைத்த பெயர் தன்மேலேயே திரும்பி வந்ததைச் சொற்பொருள் ஆராய்வோர் சுவைக்காதிருக்க முடியாது. அச்சட்டத்தால் 2024 மார்ச் முதல் ஐரோப்பாவிலே ஐபோனுக்குப் பிற கடைகளும் வரலாயின. 2025 ஏப்பிரலில் 50 கோடி யூரோ தண்டமும் விதிக்கப்பட்டது.

அமெரிக்க வழக்கு 2020 ஓகஸ்டில் எழுந்தது. எப்பிக் கம்பனி தன் விளையாட்டினுள்ளே நேரடியாகப் பணம் பெறும் வழியை வைத்தது; அன்றே அது கடையிலிருந்து நீக்கப்பட்டது. 2021 செப்டெம்பர்த் தீர்ப்பிலே பெரும்பாலான கூற்றுகள் அப்பிளுக்கே சார்பாயின. ஆனால், வெளியே வேறு வழியிற் பணம் செலுத்தலாம் என்று வாங்குவோர்க்கு ஆக்குவோன் சொல்வதைத் தடுத்தல் கூடாது என ஒரு கட்டளை பிறந்தது. உயர் மன்றங்களிலும் அக்கட்டளை நிலைபெற்றபின், 2024 ஜனவரியிலே கம்பனி வெளியிணைப்பை அனுமதித்தது. அவ்வாறு வெளியே நடக்கும் விற்பனையிலும் தனக்கு 27 விழுக்காடு வேண்டும் என்றது. கோயிலுக்கு வெளியே தேங்காய் வாங்கியவனிடமும் உள்வீதிக் கடைக்காரன் பங்கு கேட்டால் எப்படியோ, அப்படி. இதையே நீதிபதி அவமதிப்பு என்றார். கம்பனி மேன்முறையீட்டுக்குச் சென்றது.

ஆயின் மக் அன்பரைப் புண்படுத்தியது பணக்கணக்கன்று. அவ்வழக்கின் விசாரணையிலே, 2021 மே மாதத்தில், கம்பனியின் மென்பொருட் பிரிவுத் தலைவர் கிரேக் பெடரிகி சாட்சிக் கூண்டேறினார். கைப்பேசியின் ஒற்றை வாயில் ஏன் இன்றியமையாதது என்று நிறுவ வேண்டியவர், மக் கணினியில் தீய மென்பொருள்கள் தாம் ஏற்கத்தகாத அளவில் உள்ளன என்று கூறினார். நெடுங்காலம் தம் மக்கைக் காப்பானது எனப் போற்றி விற்ற வீட்டாரே, இளைய மகனின் வழக்கை வெல்ல மூத்த மகனின் ஒழுக்கத்தைக் குறைகூறியது போலாயிற்று. அவர் கூற்றில் உண்மை இல்லை என்று யாம் சொல்லவில்லை. தீயோர் உளர், முதியோரும் சிறுவரும் ஏமாறுகின்றனர், காவல் வேண்டியதே. ஆயினும் கோடிக்கணக்கான மாந்தர் அத்திறந்த கணினியிலேயே தம் கணக்கும் கடிதமும் வைத்து வாழ்கின்றனர் என்பதும் உண்மை. வாயில் திறந்திருந்தால் வீடு கெடும் என்ற வாதத்துக்கு எதிர்ச்சான்று வேண்டுமாயின், அக்கம்பனியே கட்டிய அந்த வீடுதான்.

தமிழ் படிப்போர்க்கும் இதிலே பங்குண்டு. மக்கோடு வரும் 'தமிழ்ச் சங்கம் எம்என்', 'சிங்களச் சங்கம் எம்என்' முதலிய எழுத்துருக்களை வடித்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன் அவர்கள். ஈற்றில் நிற்கும் ஈரெழுத்தும் அவர் பெயரின் முதலெழுத்துக்கள். மக்கிலே ஒரு மொழிக்குப் புதிய விசைப்பலகை வேண்டின், அதன் அமைப்பைக் கோப்பொன்றில் எழுதி உரிய இடத்தில் இட்டாற் போதும். எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. ஐபோனிலோ, 2014ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை, பிறர் ஆக்கிய விசைப்பலகை எதையும் கைப்பேசி முழுமைக்கும் உரியதாகச் சேர்த்தல் இயலாது. ஒரு மொழியினர் தம் கைப்பேசியில் தம் விருப்பப்படி எழுதக் கம்பனியின் தீர்மானத்துக்குக் காத்திருந்த காலம் அது. தமிழுக்காவது கேட்க ஆளும் கேட்பிக்கும் தொகையும் இருந்தன. சில ஆயிரவர் பேசும் மொழியொன்றின் பள்ளியாசிரியர் தம் எழுத்துக்கு ஒரு விசைப்பலகை ஆக்கினால், அவருக்கு மக்கின் வாயில் எத்தகையது, ஐபோனின் வாயில் எத்தகையது என்பதை நினைந்து பார்த்தல் வேண்டும்.

தாம் எழுதியதைக் கேட்டவர் கையில் நேரே கொடுக்கும் உரிமை மக்கிலே இன்றும் அழியவில்லை. ஆனால் 2024இன் பிற்பகுதியில் வந்த பதிப்பிலே ஒரு சிறு மாற்றம் நேர்ந்தது. கம்பனியின் முத்திரை பெறாத மென்பொருளை ஒரு விசையழுத்தத்தோடு திறக்கும் குறுக்குவழி நீக்கப்பட்டது. இப்பொழுது அமைப்புப் பகுதியினுட் புகுந்து, தேடி, இசைவளித்தல் வேண்டும். கற்றவர்க்கு இது அரை நிமிட வேலை, மற்றவர்க்கு மதில். ஆண்டுதோறும் யூன் மாதத்திலே கம்பனி தன் அடுத்த பதிப்பை அறிவிக்கிறது. புதிய அழகுகளையும் விந்தைகளையும் பிறர் வியந்திருக்க, இக்கம்மியர் முதலில் அவ்வாயிற் பக்கமே சென்று, தாழ்ப்பாள்களை எண்ணிப் பார்க்கின்றனர்.