போர்ஷன் போய்விடும் என்கிறவர்களுக்கு

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, பந்தை வீசிப் பெயர் சொல்லவைக்கும் ஆசிரியரிடம், “இதெல்லாம் எதுக்கு? போர்ஷன் எப்போ முடிப்பீங்க?” என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் தாமாகவே பழகிவிடுவார்களாம்.

பழகுவதில்லை. ஐந்தாறு தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் அவரவர் தெருக்காரர்களோடுதான் பெஞ்சில் உட்காருகிறார்கள். நம் ஊர்களில் தெரு என்றால் பெரும்பாலும் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சொல்லி 2024 ஜூனில் பரிந்துரைத்தது. ஆனால் இடம் மாறி உட்கார்ந்தவர்கள் பேசிக்கொள்ள ஒரு காரணமும் வேண்டுமே!

அந்தக் காரணத்தைப் பாடத்திலேயே வைக்கலாம். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்தபோது சண்டை மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும். வெறுப்பு தணிந்தது, பாடமும் நடந்தது. போர்ஷன் எங்கே போயிற்று?

மதிப்பெண் பற்றிய கவலைக்கும் பதில் உண்டு. உணர்வையும் உறவையும் கையாளக் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களை ஜோசப் டர்லாக் குழுவினர் 2011இல் தொகுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் பங்கேற்ற சராசரி மாணவர், நூறு பேர் கொண்ட தரவரிசையில் 11 இடம் முன்னேறினார். ஒரு நாள் பந்து விளையாட்டு இதைச் செய்துவிடாது. ஆண்டு முழுவதும் தொடரும் வேலைக்கு அது தொடக்கம்.

கூச்சமுள்ள பிள்ளை கூனிக்குறுகிப் போகும் என்ற வாதத்தை மட்டும் பாதி ஏற்கிறேன். எழுந்து நின்று அப்பா என்ன வேலை, எந்தத் தெரு, விடுமுறைக்கு எங்கே போனாய் என்று சொல்லவைப்பது கொடுமை. முதல் இரண்டும் சாதியைச் சபையில் வைக்கும், மூன்றாவது வறுமையை. பிடித்த சாப்பாட்டைக் கேட்பதுகூட நம்மிடையே ஆபத்துதான். இவற்றுக்காக விளையாட்டையே விட வேண்டியதில்லை, கேள்வியை மாற்றினால் போதும். உனக்கு நன்றாக வருவது எது? விசிலடிக்கவா, மரம் ஏறவா, மனக்கணக்கா? இருவர் இருவராகப் பேசிவிட்டு, ஒருவரை மற்றவர் வகுப்புக்கு அறிமுகப்படுத்தட்டும். பேச விரும்பாத பிள்ளை படம் வரைந்து காட்டலாம். அடுத்த வாரம் ஜோடியை மாற்றி மறுபடியும் நடத்துங்கள்.