ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு

 

திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் வாழும் தாய் ஒருவர் அண்மையில் துணிப்பை ஒன்றுடன் நம்மைக் காண வந்தார். அவருடைய மகனுக்கு வயது பதினேழு; பிறவியிலேயே மூளை முடக்குவாதம். பை நிறைய மருத்துவச் சீட்டுகள். வலிப்புக்கு ஓரிடம், கால் பயிற்சிக்கு ஓரிடம், பேச்சுப் பயிற்சிக்கு வேறோரிடம், உதவித்தொகைக்கு ஓர் அலுவலகம். எங்கு சென்றாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். "உதவிகள் இல்லாமல் இல்லை பாய், அவற்றை ஒன்றாகக் கோத்துத் தர ஆளில்லை" என்று கண் கலங்கினார்.

ஆளின் நிலையறிந்து சேவை அமைவது நம் பேட்டைக்குப் புதிதன்று. கோஷா ஆஸ்பத்திரி என நம் பாட்டிமார் அழைத்த கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். ஆண்கள் நடமாடும் மருத்துவமனைக்கு வரத் தயங்கிய பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் 1885-இல் உருவானது அது. அங்கே பெண்கள் மருத்துவமனைக்கேற்ப மாறவில்லை. மருத்துவமனையே அவர்களுக்கேற்ப அமைந்தது.

2013-இல் நாடெங்கும் தொடங்கிய சிறார் நலத் திட்டமும் இவ்வழியில் ஒரு நல்ல அடியே. பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிவது அதன் நோக்கம். குழந்தை மருத்துவர், இயன்முறைப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரை ஒரே கூரையின்கீழ் கொணரவே மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் ஏற்பட்டன.

ஆனால் 18 வயது நிறைந்ததும் என்ன? அன்று முதல் பெற்றோர் சட்டப்படி காப்பாளர் அல்லர். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறை, பல்வகை ஊனம் உடையோருக்குக் காப்பாளர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அந்தத் தாய்க்கு இதனை எவரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு மாலைப் பொழுதுகள் அமர்ந்து சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினோம். ஒரே மருந்து இரு வேறு பெயர்களில் ஈரிடங்களில் எழுதப்பட்டிருந்தது! பையன் பகலெல்லாம் உறங்கி வழிந்ததன் காரணம், மருத்துவரிடம் கோப்பைக் காட்டியபோதுதான் விளங்கிற்று. அவரே மருந்தைச் சீர்செய்தார். நாமாக எந்த மருந்தையும் நிறுத்தலாகாது என்பதையும் நினைவிற் கொள்க.

அமெரிக்காவில் 1980-களிலிருந்து, இத்தகைய பிள்ளைகள் சிலருக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் அமர்த்தப்படுகிறார். குடும்பம், மருத்துவர், ஆசிரியர் அனைவரையும் கூட்டி, அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு திட்டம் வகுக்கிறார். நம் மஹல்லாவில் இது இயலாததா? படித்த இளைஞர் ஒருவரை, பெண் பிள்ளையாயின் ஒரு சகோதரியை, ஜமாஅத் பொறுப்பாக்கட்டும். கோப்பின் முதற்பக்கத்தில் நோய், மருந்தின் அளவு, ஒவ்வாமை, அடுத்து வரவேண்டிய நாள் ஆகியவை இருக்கட்டும். பைத்துல்மாலிலிருந்து ஆட்டோ வாடகை கிடைக்கட்டும். எதையும் முடிவு செய்யுமுன் அந்தப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கட்டும்.

ஓர் எச்சரிக்கை: வீட்டுச் செய்தி வீதிக்கு வரலாகாது. சம்பந்தம் கெட்டுவிடுமே என்றஞ்சி மகளின் நோயை மறைத்து, மருத்துவத்தையே இழக்கச் செய்யும் வீடுகள் உள. இரகசியம் காக்கப்படும் என்று நம்பினால்தான் அக்கதவுகள் திறக்கும்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைத் தாய் ஒருத்தியின் துணிப்பையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் வாளாவிருக்கலாமா? அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.