தக்கைப்பூண்டும் வாய்க்கால் தண்ணீரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவன்

சென்னிமலை என்றதும் மலைமேல் முருகனும் தறியில் நெய்த படுக்கை விரிப்புமே பலர் நினைவுக்கு வரும். இங்கே நெல்லும் விளைகிறது நண்பர்களே! பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடிவரும் கீழ்பவானி வாய்க்கால், 2,07,000 ஏக்கர் நிலத்திற்கு நீர் கொடுக்கிறது. அதில் எங்கள் பக்கத்து வயல்களும் அடக்கம்.

நெல்லுக்கு முன் பசுந்தாள் உரம் போடுங்கள் என்று வேளாண் துறையினர் நெடுநாளாகச் சொல்லி வருகின்றனர். அது நல்ல அறிவுரைதான். தக்கைப்பூண்டை வேரோடு பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளுக்கு உறவான ஒன்று அங்கே இருப்பதே காரணம். அம்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், நன்கு வளர்ந்த பயிர் 8 டன்னுக்குக் குறையாத தழை தரும். ஒரு மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்து சுமார் 21 கிலோ. இத்தழை அதற்கு மேலேயே ஈடு செய்யும். மண் பொலபொலப்பாகி ஈரம் பிடிப்பது தனி இலாபம். யூரியா அதைத் தராது.

இவ்வளவு நன்மை இருந்தும் உழவர் ஏன் விதைப்பதில்லை? "அறியாமை" என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த முடிச்சுக் கதையை நான் விளக்கியபோது என் தந்தையார் கேட்டது இதுதான்: "அதெல்லாஞ் செரி சாமி, ஆடி மாசம் அதுக்குத் தண்ணி ஆரு உடுவாங்க? உன்ற புஸ்தகத்துல அது போட்டிருக்குதா?"

புத்தகத்தில் அது இல்லை. அணையில் நீர் இருந்தால் ஆகஸ்டு 15-ல் வாய்க்கால் திறப்பது வழக்கம். 120 நாள் நன்செய்ப் பாசனம். அதுவும் ஒரு முறைக்குப் பாதி ஆயக்கட்டுக்கே. ஆகஸ்டு இறுதியில் நடவு என்றால் தக்கைப்பூண்டு ஜூலையிலேயே முளைத்திருக்க வேண்டும். கிணற்றில் நீர் உள்ளவருக்கு அது இயலும். மற்றவர் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். தென்மேற்குப் பருவமழையோ மலைக்கு அப்பாலேயே பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுகிறது!

வேறு வழி உண்டா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்த நீரில் முதலில் தக்கைப்பூண்டை விதைத்து, செப்டம்பர் இறுதியில் மடக்கி உழுது, ஒரு வாரம் மட்கவிட்டு, அக்டோபர் முதல் வாரம் நடலாம். 105 முதல் 110 நாளில் விளையும் கோ 51 போன்ற குறுகிய கால நெல்லாக இருந்தால், நீர் நிற்கும் டிசம்பர் நடுவில் பயிர் அறுவடையை நெருங்கிவிடும். ஆனால் சந்தையில் விலை போவது வெள்ளைப் பொன்னி. அதற்கு 135 நாளுக்கு மேல் வேண்டும். விலைக் குறைவை யார் ஈடு செய்வது? கடைமடைக்கு நீர் எட்டுவதே பல நாள் தாமதம் என்பதையும் சேர்த்தால், மதகருகே இருப்பவருக்கு மட்டுமே என் கணக்கு பலிக்கும்.

ஆகவே கடைமடைக்கும் கிணறில்லாதவருக்கும் நான் பரிந்துரைப்பது கொழிஞ்சி. சித்திரை, வைகாசியில் பெய்யும் ஓரிரு மழையே அதற்குப் போதும். மேலும், ஆடு மாடு அதை விரும்பி மேயாது. கோடையில் வெற்று நிலமெல்லாம் மேய்ச்சல் நிலமாகும் ஊரில் இது சிறிய செய்தியா? தக்கைப்பூண்டானால் ஆடுகள் விருந்து வைத்துவிடும். வளர்ச்சி மெதுவு, தழையும் குறைவு என்பது உண்மையே. ஆயினும் ஒருமுறை நிலைத்துவிட்டால் உதிர்ந்த விதையே மறுபடி முளைக்கும்.

2024-ல் தமிழக அரசு தொடங்கிய "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்தில் பசுந்தாள் உர விதை மானிய விலையில் தரப்பட்டது. வரவேற்கிறேன். ஆனால் விதை ஆடியில் வந்து பயனில்லை. சித்திரை மழைக்கு முன் உழவர் கையில் இருக்க வேண்டும். தக்கைப்பூண்டோடு கொழிஞ்சியும் வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழிஞ்சி விதையின் தோல் கடினமானது. மணலோடு சேர்த்து இடித்துத் தேய்த்தால்தான் சீராக முளைக்கும். கோடையில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்தினால், சுவரில் வாசகம் எழுதும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். உரலும் உலக்கையும் எங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறேன்.