வெட்கம் வேண்டாம், வைத்தியம் வேண்டும்

இரவில் நாலைந்து தடவை எழும்பி, இருட்டில் மலசலகூடத்துக்கு நடக்கும் அப்பாமார் நம் லயங்களில் நிறையப் பேர். கேட்டால், "வயசு போயிட்டது" என்பார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு புரொஸ்டேட் சுரப்பி பெருத்து சிறுநீர்ப் பாதையை நெரிப்பது சகஜம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்து உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு.

சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கும், அதை உடம்பு தாங்காதவருக்கும் டியூப்பும் பையும் மட்டுமே வழியல்ல. பாதையைத் திறந்து வைக்கும் தற்காலிக ஸ்டென்ட் என்ற சிறு குழாயும் இருக்கிறது. அது இடம் நழுவலாம், கிருமி தொற்றலாம்; எல்லோருக்கும் பொருந்தாது. நமக்குப் பொருந்துமா, இங்கே கிடைக்குமா என்று டொக்டரிடம் கேட்பது நம் உரிமை.

சலம் முற்றாக அடைபட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் தோட்டம் வாகனம் தர வேண்டும். கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவும் வேண்டும். தோழர்களே, இதையும் கோரிக்கையில் சேர்ப்போம்.