மணலில் விழுந்தால் சிசி வந்து தூக்காது!

"காட்டுப்பாதைக்குப் பெரிய வண்டிதான் சரி" என்று சொல்பவர்கள், அதை ஒருமுறை மணலில் சாய்த்துவிட்டுத் தனியாளாகத் தூக்கிப் பார்க்கட்டும். 2023-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் 237 கிலோ. 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வெறும் 154. வித்தியாசம் 83 கிலோ. பின்சீட்டில் இறங்கவே இறங்காத ஒரு தடியன் மாதிரி!

தார் ரோட்டில் எடை நிதானம் தரும், வாஸ்தவம்தான். ஆனால் மணலில் முன்சக்கரம் புதையும். சேற்றில் வழுக்கினால் கால் ஊன்றித் தாங்க முடியாது. பிடிப்பில்லாத மண்ணில் 145 குதிரைசக்தியும் பின்சக்கரத்தைச் சும்மா சுழற்றத்தான் உதவும்.

இது போதாதென்று இரும்புப் பெட்டி, கிராஷ் கார்டு எல்லாம் மாட்டி லடாக் கிளம்புகிறார்கள். ஆளில்லாத மலைப்பாதையில் விழுந்தால் யார் தூக்குவது? சிசியை விடுங்கள், முதலில் கிலோவைக் கேளுங்கள்.